சுங்கை சிப்பூட் மாடி டியூஷன்ல சனிக்கிழமை பிளாஸ்மா கிளாஸ்: 60 வெள்ளிக்கு வொர்த்தா?

மொதல்லயே சொல்லிடுறேன், 60 வெள்ளி கட்டுனது நாலு கிளாஸுக்கு, நடந்தது மூணு, அப்பவும் குடுத்த காசுக்கு மோசமில்லன்னு தான் சொல்லுவேன். அஞ்சுல நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கடைசில சொல்றேன், சார் படிச்சா கோவிச்சுக்க வேணாம்.

பஸ் ஸ்டேஷன் பின்னாடி மோட்டா சாமான் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. பகல்ல எஸ்பிஎம் பிள்ளைங்களுக்கு மேத்ஸ், ஃபிசிக்ஸ் நடக்கும், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் இந்த ஸ்பெஷல் கிளாஸ், யார் வேணும்னாலும் வரலாம்னு கதவுல ஒட்டியிருந்தாங்க, "சூரியன் மாதிரி எரியிற பிளாஸ்மாவ காந்தத்தால எப்படி பிடிச்சு வைக்கிறது" அப்படின்னு. பிளாஸ்மான்னா ரொம்ப சூடாகி அணுவுலேர்ந்து எலக்ட்ரான் தனியா கழண்ட வாயு. பொண்ணு ஃபோர்ம் ஃபைவ், அவளுக்குத்தான் பேர் குடுத்தேன். அவள ஏத்தி விட்டுட்டு கீழ மாமாக் கடையில தே தாரேக் குடிக்கலாம்னு பாத்தா மழ பிடிச்சுக்கிச்சு, மோட்டாவ ஓரம் கட்டிட்டு மேல ஏறி கடைசி பெஞ்சுல உக்காந்தேன். ரெண்டாவது வாரம் அவ ஸ்கூல்ல டான்ஸ் பிராக்டிஸ்னு வரல. நான் வந்தேன்.

நான் ஏன் வந்தேன்னா, பாமாயில் மில்லுல 22 வருசமா பாய்லர்மேன், சூடு எங்கெங்க ஓடிப்போகுதுன்னு பாக்குறது தான் பொழப்பு. ஸ்டீம் பைப்புக்கு ராக்வூல் சுத்தி அலுமினியத் தகடு போட்டு மூடியிருப்போம், அதுல ஒரு கை அகலம் பிஞ்சு கெடந்தா போதும், பக்கத்துல நிக்க முடியாது, அன்னிக்கு பாய்லர் எரிக்கப் போடுற பனை நாரும் கொட்ட ஓடும் கூடத் தின்னும். அதனால சார் போர்டுல எழுதுன மொத வரியே என்னைப் பிடிச்சு உக்கார வச்சிருச்சு: "சூடாக்குறது பெரிசில்ல, சூட்ட வச்சிருக்குறது தான் பெரிசு."

எவ்வளவு சூடுன்னா, பிரான்ஸ்ல கடராஷ்ங்கற ஊர்ல ஈட்டர்னு ஒரு மிஷின் கட்டுறாங்க, அதுக்குள்ள 15 கோடி டிகிரி வேணும். சூரியனோட நடுவுலயே ஒன்றரை கோடி தான். டியூட்டரியம், டிரிட்டியம்னு ரெண்டு வகை ஹைட்ரஜன் மோதி ஒட்டுனா ஹீலியமும் நியூட்ரானும் வரும், இதான் ஃபியூஷன், இதுலேர்ந்து கரண்ட் எடுக்கத்தான் இத்தன பாடு. வர்ற சக்தி மொத்தம் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதுல 14.1 நியூட்ரான் தூக்கிட்டு வெளிய ஓடிடும், மிச்சம் 3.5 ஹீலியத்துக்கிட்ட. அந்த 3.5 உள்ளயே தங்குனா தான் பிளாஸ்மா தன் சூட்டுலயே எரியும். தங்க வைக்கிறதுக்கு எந்த இரும்பும் எந்தக் கல்லும் ஆகாது, எல்லாம் ஆவியாயிடும், காந்தம் ஒண்ணு தான் வழி.

இந்த எடத்துல சார் சொன்ன உதாரணத்துக்கே 15 வெள்ளி குடுக்கலாம். எங்க ஊர்ல ரப்பர் மரம் வெட்டாத குடும்பம் எது? பால் வெட்டுற கோடு மரத்த சுத்தி சாய்வா இறங்கும்ல, அது மாதிரி தான் பிளாஸ்மாவுல இருக்குற துகளும் காந்தக் கோட்ட சுத்திக்கிட்டே அது வழியா வழுக்கிட்டுப் போகும். குறுக்க தாண்டாது, நீளவாக்குல எந்தத் தடையும் இல்லாம ஓடும். கோடு முடியிற எடத்துல மங்கு வச்சா பால் அதுல விழுற மாதிரி, காந்தக் கோடு முடியிற எடத்துல சூடு பூரா வெளிய கொட்டிடும். அப்ப என்ன பண்றது, கோட்ட முடியவே விடாம வளைச்சு மோதிரமா ஒட்டிடு. டோனட் மாதிரி. இதத்தான் ரஷ்யாக்காரன் டோகமாக்னு பேர் வச்சான். கடைசி பெஞ்சுல நான் கை தட்டிட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, வெக்கமா போச்சு.

அப்புறம் பழைய டப்பா டிவி ஒண்ணு. செகண்ட் ஹேண்ட் கடையில 20 வெள்ளிக்கு வாங்குனாராம். ஸ்பீக்கர்லேர்ந்து கழட்டுன காந்தத்த திரைக்குப் பக்கத்துல கொண்டு போனா செய்தி வாசிக்கிற அம்மா மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு பச்சையும் ஊதாவுமா சுழியுது. உள்ள வர்ற எலக்ட்ரான காந்தம் வளைக்குது, அவ்வளவு தான், ஆனா கண்ணால பாக்குறப்ப வேற மாதிரி இருக்கு. காந்தத்த எடுத்தப்புறமும் அந்த ஊதா போகல, திரைக்கு உள்ள இருக்குற இரும்பு வலை காந்தம் பிடிச்சுக்கிச்சாம். சார் மூஞ்சியும் கொஞ்சம் ஊதாவாத்தான் ஆச்சு.

காந்தத்தோட பலத்த டெஸ்லாங்கற கணக்குல அளக்குறாங்க. நம்ம ஊர்ல பூமியோட காந்தம் ஒரு டெஸ்லால லட்சத்துல நாலு பங்கு. ஈப்போல எம்ஆர்ஐ எடுக்கப் படுத்தீங்கன்னா ஒன்றரையோ மூணோ டெஸ்லா. ஈட்டர்ல பிளாஸ்மா நடுவுல 5.3 டெஸ்லா. 5 டெஸ்லாவுல பத்து கோடி டிகிரி டியூட்டரியம் சுத்துற வட்டத்தோட ஆரம் மூணு நாலு மில்லிமீட்டர் தான், எலக்ட்ரானுக்கு அதுலயும் அறுவதுல ஒரு பங்கு. காந்தத்த ரெண்டு மடங்கு ஆக்குனா வட்டம் பாதியாகும். இந்த ஒரு வரிய ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சார் மூணு தடவ சொன்னாரு, மூணு கிளாஸும் இது மேல தான் நின்னுச்சு.

ரெண்டாவது கிளாஸ் தான் என் மனசுல இருக்குறது. டேபிள் மேல ரெண்டு கிளாஸ் கோப்பி. கோப்பித்தியாம்ல குடுக்குற மாதிரி அடியில வெள்ளையா கண்டென்ஸ்ட் மில்க், மேல கருப்பு. ஒண்ணத் தொடாம வச்சாரு. ஒண்ணக் கரண்டி போட்டு கலக்குனாரு. "தொடாதது எப்ப இனிக்கும்?" வெயிட் பண்ணுங்கன்னு சொல்லிட்டு பாடத்த ஆரம்பிச்சாரு.

பாடம் என்னன்னா, துகள் ஒண்ணோட ஒண்ணு மோதுறப்ப தன் கோட்ட விட்டுட்டு பக்கத்துக் கோட்டுக்கு ஒரு எட்டு தாவும், தாவுற தூரம் அந்த வட்டத்தோட ஆரம் அளவு தான். குடிகாரன் நடக்குற மாதிரி முன்ன பின்ன தாவித் தாவி செவுத்துப் பக்கம் வருது. கணக்குப்படி கசிவு அந்தத் தாவுற தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி, அதனால காந்தம் ரெண்டு மடங்குன்னா கசிவு நாலுல ஒண்ணு. 1950கள்ல எல்லாரும் இத நம்பித்தான் மிஷின் கட்டுனாங்க, பத்து இருவது வருசத்துல கரண்ட் வந்துரும்னு நெனச்சாங்க.

வரல. டேவிட் போம்னு ஒரு ஃபிசிக்ஸ்காரர் ரெண்டாவது உலகப் போர் சமயம் யுரேனியம் பிரிக்கிற வேலையில இருந்தப்ப ஒண்ணு கவனிச்சாரு, காந்தத்துக்குள்ள பிளாஸ்மா கணக்க விட பயங்கர வேகமா கசியுது, காந்தத்த ரெண்டு மடங்காக்குனா கசிவு பாதி தான் கொறையுது, நாலுல ஒண்ணு ஆகல. அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல கட்டுன மிஷின்லயும் இதே கதை. இப்படியே போனா ஃபியூஷன் ஆகவே ஆகாதுன்னு பல பேர் கை கழுவுற நெலம. அப்பத்தான் 1968ல நோவோசிபிர்ஸ்க்ல நடந்த மாநாட்டுல ரஷ்யாக்காரங்க எங்க டி-3 டோகமாக் போம் சொன்னத விட ரொம்ப நல்லா சூட்டப் பிடிச்சு வைக்குது, ஒரு கோடி டிகிரி வந்துச்சுன்னாங்க. யாரும் நம்பல. பனிப்போர் நேரத்துல 1969ல இங்கிலாந்து கல்ஹாம்லேர்ந்து ஒரு டீம் லேசர் சாமானத் தூக்கிக்கிட்டு மாஸ்கோவுக்கே போயி அளந்து பாத்துட்டு, ஆமா உண்ம தான்னுச்சு. அதோட ஒலகம் பூரா டோகமாக் பக்கம் சாஞ்சிருச்சு.

எனக்கு இந்த எடம் ரொம்பப் பிடிச்சது. எங்க மில்லுல ஒரு பிரஷர் கேஜ் சரியில்லன்னு சொன்னா கூட மேலே உள்ளவங்க வந்து பாக்க மூணு வாரம் ஆகும்.

நடுவுல வாழைப்பழம் வந்துச்சு. சும்மா சொல்லல, கிளாஸ் பிரேக்ல பிசாங் கோரெங் வாங்கி வச்சிருந்தாரு, அதக் கையில எடுத்துக்கிட்டே பாடம். டோனட் ஓட்ட பக்கம் காந்தம் பலமா இருக்கும், வெளிப்பக்கம் பலம் கொறவு. அதனால சில துகள் பலமான பக்கம் போகப் போக வேகம் கொறஞ்சு முட்டித் திரும்பிடும், முன்னாடியும் பின்னாடியுமா ஆடிக்கிட்டே இருக்கும், அது போற பாதைய வெட்டிப் பாத்தா வாழைப்பழ வடிவம். விஞ்ஞானிங்களே பனானா ஆர்பிட்னு தான் சொல்றாங்க. இந்த வாழைப்பழத்தோட அகலம் அந்த சின்ன வட்டத்த விட பல மடங்கு, அதனால ஒரு மோதலுக்கு தாவுற தூரமும் பெரிசு, கசிவும் கூட. கலீவ், சக்தீவ்னு ரெண்டு ரஷ்யாக்காரங்க 1968ல இந்தக் கணக்கப் போட்டாங்களாம். இதையெல்லாம் சேத்தும் அளந்த கசிவுக்குக் கிட்ட வரல. மிச்சம் எங்கேர்ந்து வருது?

இப்பத்தான் அந்தக் கோப்பி. நாப்பது நிமிசம் ஆச்சு, தொடாத கிளாஸ்ல பால் அப்படியே அடியில கெடக்கு, கோடு போட்ட மாதிரி. கலக்குனது அப்பவே கலந்து ஆறியும் போச்சு. மோதி மோதிப் பரவுறது தொடாத கோப்பி, பிளாஸ்மாவுக்குள்ள நடக்குறது கலக்குன கோப்பி. நடுவுல 15 கோடி டிகிரி, ரெண்டு மீட்டர் தள்ளி செவுரு. அவ்வளவு வித்தியாசம் இருந்தா சும்மா இருக்குமா, தானாவே சின்னச் சின்ன சுழல் பிடிச்சு உள்ள இருக்குற சூட்ட வெளிய எடுத்து வீசும். யாரும் கரண்டி போடல, சூடே கரண்டியாயிடுது.

பலமான காந்தம் இங்க என்ன பண்ணுதுன்னா கரண்டிய சின்னதாக்குது. அந்த சுழலோட அளவு ஏறக்குறைய துகள் சுத்துற வட்டத்துல சில மடங்கு. காந்தம் ஏற ஏற வட்டம் சுருங்கும், சுழலும் சுருங்கும். அண்டாவ அகப்பையால கலக்குறதும் பல்லுக்குச்சியால கலக்குறதும் ஒண்ணா? அதனால மிஷின் அளவும் சூடும் மாறலன்னா இந்த வகைக் கசிவும் காந்தத்தோட வர்க்கத்துக்குக் கொறையும்னு கணக்கு. அப்ப சுழலே வராம தடுக்க முடியாதா சார்னு ஒரு பிள்ள கேட்டா. முழுசா முடியாது, ஆனா 1982ல ஜெர்மனியில கார்ச்சிங்ல ஃபிரிட்ரிஷ் வாக்னர் டீம் அஸ்டெக்ஸ் மிஷின்ல சூட்ட ஏத்திக்கிட்டே போனப்ப ஒரு கட்டத்துல பிளாஸ்மா ஓரத்துல தானாவே ஒரு வேலி விழுந்துச்சு, சூடு தங்குற நேரம் ரெண்டு மடங்கு ஆச்சு. ஓரத்துல பிளாஸ்மா பக்கத்துப் பக்கத்து அடுக்கு வேற வேற வேகத்துல நகருறதால சுழலக் கிழிச்சுப் போடுதாம். இதுக்கு எச்-மோட்னு பேர். ஒரு கோப்பி கிளாஸ வச்சு இத்தனையும் புரிய வச்ச மனுசன இந்த ஊர்ல நான் பாத்ததில்ல.

மூணாவது கிளாஸ்ல நம்பர் ஜாஸ்தி, கொஞ்சம் ஓட்டிட்டாரு. தேவையானத மட்டும் சொல்றேன். காந்தம் பிளாஸ்மாவ அமுக்குற அழுத்தம் காந்தத்தோட வர்க்கத்துல ஏறும், 5.3 டெஸ்லாவுக்கு சுமார் 110 வளிமண்டல அழுத்தம், 12.2 டெஸ்லாவுக்கு 580 கிட்ட. எங்க பாய்லர் 20 பார்ல ஓடுது, அதுக்கே வருசா வருசம் இன்ஸ்பெக்டர் வந்து தட்டிப் பாக்குறாரு. பிளாஸ்மா அதுல நூத்துல சில பங்கு அழுத்தத்த தான் தாங்கும், அந்தப் பங்கு மாறலன்னா காந்தம் ரெண்டு மடங்குக்கு அதே எடத்துலேர்ந்து 16 மடங்கு ஃபியூஷன் பவர் வரும். ஈட்டர்ல பிளாஸ்மா 840 கன மீட்டர். அமெரிக்காவுல டெவன்ஸ்ங்கற ஊர்ல ஸ்பார்க்னு ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்காங்க, அதுல 12.2 டெஸ்லா, பிளாஸ்மா சுமார் 20 கன மீட்டர் தான். இந்தக் காந்தத்துக்கு புது வகை சூப்பர்கண்டக்டர் டேப் போடுறாங்க, 2021 செப்டம்பர் 5ஆம் தேதி டெஸ்ட் காந்தம் 20 டெஸ்லா தொட்டுச்சு. ஈட்டர் காந்தத்த மைனஸ் 269 டிகிரிக்கு குளிர வைக்கணும், அதச் சுத்தி பெரிய பிளாஸ்க் மாதிரி ஒரு கூடு, 3,850 டன், இந்தியா செஞ்சு குடுத்தது. பைப்புக்கு சூட்டு உறை போடுற லேகிங் வேல பாத்தவனுக்கு இதக் கேட்டா பெருமூச்சு வருது, சில மீட்டருக்குள்ள 15 கோடியும் மைனஸ் 269உம்.

இங்க தான் நான் கை தூக்குனேன். "சார், எங்க பாய்லர்ல சாம்பல் வாரலன்னா கிரேட்டு மேல கட்டி பிடிச்சு காத்து போகாது, நெருப்பு செத்துடும். நீங்க இவ்வளவு இறுக்கி மூடுறீங்களே, ஹீலியம் எரிஞ்ச சாம்பல் தானே, அது எப்படி வெளிய போகும்?" சார் கையில இருந்த மார்க்கர கீழ வச்சாரு. "அண்ணே, அவங்களும் அதுக்கு சாம்பல்னு தான் பேர் வச்சிருக்காங்க" அப்படின்னாரு. சூட்ட இறுக்கிப் பிடிச்சா சாம்பலும் சேந்து தங்கும், எரிபொருள் நீர்த்துப் போகும், அதனால சூடு தங்கணும் சாம்பல் போகணும், அதான் பெரிய தலவலி. கீழ டைவர்ட்டர்னு ஒரு வாய் வச்சு ஓரத்துக் காந்தக் கோட்ட அங்க இறக்கி விடுறாங்க. அதுலயும் வம்பு இருக்கு, காந்தம் பலமாக பலமாக அந்த வாயில வந்து விழுற சூட்டுப் பட்டையோட அகலம் சுருங்கி மில்லிமீட்டர் கணக்குல வந்துடும், எந்த உலோகம் தாங்கும்? போதாதுக்கு எலக்ட்ரான் சுத்துறப்ப ஒளி மாதிரி வீசுற சக்தி காந்தத்தோட வர்க்கத்துல ஏறும், அதுல பெரும்பகுதிய திரும்ப பிளாஸ்மாவே உறிஞ்சிக்கும், செவுரும் கொஞ்சம் திருப்பி அனுப்பும், இருந்தாலும் சூடு ரொம்ப ஏறுனா அதுவும் ஒரு ஓட்ட. காந்தச் சுருளே தன் பலத்துல வெடிக்கப் பாக்கும். இத்தனையும் நான் கேட்டதுக்கு அப்புறம் தான் சொன்னாரு. கேக்கலன்னா காந்தம் பலமானா எல்லாம் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்போம், அது சரியில்ல.

நோட்ஸ் பத்தி. போட்டோஸ்டாட் மேல போட்டோஸ்டாட், படம் எல்லாம் கருப்பு, எழுத்து பூரா இங்கிலீஷ். பொண்ணு உக்காந்து படிச்சுக் காட்டுனா. அதுல ஒரு சூத்திரம், சூடு எவ்வளவு நேரம் தங்கும்னு பல மிஷின் அளவ வச்சுப் போட்டது, கரண்டுக்கு அடுக்கு 0.93, அளவுக்கு கிட்டத்தட்ட 2, காந்தத்துக்கு வெறும் 0.15. எனக்குக் கோவம் வந்துருச்சு. மூணு வாரமா காந்தம் காந்தம்னு சொல்லிட்டு காந்தத்துக்கு 0.15 தானான்னு ராத்திரி பத்தரைக்கு சாருக்கு வாட்ஸ்அப் போட்டேன். நாலு நிமிச வாய்ஸ் வந்துச்சு. பிளாஸ்மாவுக்குள்ள ஓடுற கரண்ட் இஷ்டத்துக்கு ஏத்த முடியாதாம், காந்தத்துக்கு மிஞ்சி ஏத்துனா பிளாஸ்மா பாம்பு மாதிரி நெளிஞ்சு செவுத்துல அடிச்சுரும், காந்தம் பலமா இருந்தா தான் கரண்ட கூட்ட முடியும், அதனால காந்தத்தோட பங்கு அந்த 0.93க்குள்ள ஒளிஞ்சிருக்கு. பின்னாடி அவரு வீட்டுல குழந்த அழுவுற சத்தம், மனுசன் அதுலயும் பதில் சொல்றாரு. இதுக்கு ஒரு ஸ்டார் தனியா.

இன்னொண்ணு எனக்குத் தெரியாதது, 1980கள்லயே நம்ம மலாயா பல்கலைக்கழகத்துல பேராசிரியர் லீ சிங் டீம் 3 கிலோஜூல்ல சின்ன பிளாஸ்மா ஃபோகஸ் மிஷின் செஞ்சு வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களுக்கெல்லாம் பழக்கிக் குடுத்திருக்காங்க. அது டோகமாக் இல்ல, கண் சிமிட்டுறதுக்குள்ள அமுக்கி முடிச்சிடுற வேற வகை. ஆனாலும் கோலாலம்பூர்ல நடந்தது, எங்க ஸ்கூல்ல ஒரு வாத்தியார் கூட சொன்னதில்ல.

இப்ப அந்த ஒரு ஸ்டார். நாலாவது சனிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு மெசேஜ், இன்னிக்கு கிளாஸ் இல்லன்னு. ஏன்னு இல்ல, எப்பன்னு இல்ல, 15 வெள்ளி திரும்பத் தர்றதப் பத்தி பேச்சே இல்ல. சாரக் கேட்டா ஆபீஸக் கேளுங்கறாரு, ஆபீஸ்ல இருக்குற பொண்ணு சாரக் கேளுங்குது. அது சாரோட தப்பில்ல, நடத்துறவங்க தப்பு. ஏர்கோன் ஒரு பக்கம் மட்டும் தான் அடிக்குது, படிக்கட்டுல லைட் இல்ல, வயசானவங்க கைப்பிடியப் பிடிச்சு ஏறுங்க. எங்க கிளாஸ்ல தோட்டத்து கிராணியா இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா வந்தாரு, மூணாவது படியில தடுக்கி கோப்பி டம்ளரோட சாஞ்சாரு, நல்ல வேள ஒண்ணும் ஆகல. பார்க்கிங் கீழ கடை அடைச்சப்புறம் ஃப்ரீ.

சின்னப் பிள்ளைங்களுக்கு கஷ்டம், ஃபோர்ம் ஃபோருக்கு மேல சரியா வரும். மேத்ஸ் வேணாம்னு சொல்றவங்களும் வரலாம், ரெண்டாவது கிளாஸ் மட்டும் விட்டுறாதீங்க.

அடுத்த செட்டு ஸ்டெல்லரேட்டர் பத்தியாம், ஜெர்மனியில கிரைஃப்ஸ்வால்ட்ல ஓடுற முறுக்கு மாதிரி நெளிஞ்ச மிஷின். 45 வெள்ளி கட்டிட்டேன், போன தடவ 15 வெள்ளி பாக்கின்னு ரசீதுல எழுதி வாங்கிட்டேன். ரெண்டாவது வரிசையில காத்தாடிக்குக் கீழ இருக்குற நாற்காலி எனக்கு, யாரும் உக்காராதீங்க.